சங்கத் தளத்தில் சந்தா கட்டும் படிவம்: செக்அவுட் கட்டங்களை மாற்றுவது எப்படி?

கானாடுகாத்தான் தளப்பொறுப்பு:
வணக்கம். எங்கள் ஊர் நகரத்தார் சங்கத்தின் உறுப்பினர் தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது. வூகாமர்ஸும் (விற்பனைக்கான பிளகின்) ரேசர்பே பிளகினும் (ஆன்லைனில் பணம் வாங்க) போட்டிருக்கிறோம். செக்அவுட்டில், அதாவது பணம் கட்டும் பக்கத்தில், இனிஷியல், கோயில் (நகரத்தார் கோயில்களில் எதைச் சேர்ந்தவர் என்பது), அதன் உட்பிரிவு, சொந்த ஊர் கேட்க வேண்டும். கம்பெனி பெயர், லாஸ்ட் நேம் இரண்டும் வேண்டாம். சைல்டு தீமில் (மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம்) கட்டங்களை மாற்றும் ஃபில்டர் என்ற சிறு நிரல் எழுதியும் பக்கத்தில் எதுவும் மாறவில்லை. கார்டு எண் கேட்கும் பெட்டியைத் தமிழாக்கி நம் தளத்தின் நிறத்துக்குக் கொண்டுவர முடியுமா? மலேசியா, சிங்கப்பூர்ப் பங்காளிகளும் இதிலேயே கட்டுவார்கள்.

தேவகோட்டை வலைஞர்:
உங்கள் செக்அவுட் பக்கம் பிளாக் (எடிட்டரில் அடுக்கும் ஆயத்தப் பகுதி) வகையாக இருக்கும். 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 பதிப்பிலிருந்து புது நிறுவல்களில் அதுதான் இயல்பு. பழைய செக்அவுட் ஃபீல்ட்ஸ் ஃபில்டரை அது கண்டுகொள்ளாது. பிளாக்கிலும் கூடுதல் கட்டம் சேர்க்கலாம், ஆனால் டெக்ஸ்ட், செலக்ட், செக்பாக்ஸ் மட்டுந்தான். உங்கள் தேவைக்குக் கிளாசிக் ஷார்ட்கோடே (பழைய செக்அவுட்டைக் கொண்டுவரும் அடைப்புக்குறிச் சொல்) சுலபம். பிளாக்கை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள், எழுதிய ஃபில்டர் உடனே வேலை செய்யும்.

லாஸ்ட் நேமை ஃபில்டரில் நீக்கிவிட்டு, ஃபர்ஸ்ட் நேமின் லேபிளைப் 'பெயர்' என்று மாற்றி, இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். புதுக் கட்டங்களைப் பில்லிங் பகுதியிலேயே சேர்த்து, பெயரைப் 'பில்லிங்' என்று தொடங்கினால் வூகாமர்ஸ் தானாகச் சேமித்துக்கொள்ளும், அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது நிரப்பியும் தரும். ஆர்டர் குறிப்புப் பகுதியில் சேர்த்தால் நீங்களேதான் சேமிக்க வேண்டும். அப்போது பழைய பாணியில் போஸ்ட் மெட்டாவில் (வேர்ட்பிரஸ் பதிவுகளின் கூடுதல் விவரங்களுக்கான அட்டவணை) எழுதாதீர்கள்; புது நிறுவல்களில் ஆர்டர்கள் தனி அட்டவணையில் இருப்பதால், எழுதியது ஆர்டர் பக்கத்தில் தெரியாது. வூகாமர்ஸ் தரும் ஆர்டர் ஆப்ஜெக்ட் வழியாக எழுதுங்கள்.

உட்பிரிவில்தான் பலரும் மாட்டுகிறார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர் இரண்டுக்கும் ஏழேழு பிரிவு. பிள்ளையார்பட்டிக்குப் பிரிவே கிடையாது. ஜாவாஸ்கிரிப்டில் கட்டத்தை மறைத்தாலும், 'கட்டாயம்' என்று குறித்திருந்தால் சர்வர் அதைக் கேட்டே தீரும். பிள்ளையார்பட்டிக்காரர் பட்டனை அழுத்துவார், கண்ணில் படாத கட்டத்தை நிரப்பச் சொல்லி சிவப்பு எழுத்து வரும். அதனால் கட்டாயத்தை எடுத்துவிட்டு, கோயிலைப் பார்த்துச் சரிபார்க்கும் விதியை வேலிடேஷன் ஹுக்கில் (படிவத்தைச் சர்வர் சரிபார்க்கும்போது நம் நிரல் ஓடும் இடம்) எழுதுங்கள்.

புள்ளி வரியும் (குடும்பக் கணக்கில் பிரிக்கும் வரி) வாங்குவதாக இருந்தால் முழுப்புள்ளி, அரைப்புள்ளி என்று வேரியேஷன் (ஒரே பொருளுக்கு வெவ்வேறு விலை வகை) போடுங்கள். தொகையை மறைகட்டத்தில் வைத்து அனுப்பவே கூடாது; பிரவுசரில் யாரும் திருத்திவிடலாம். பொருளை 'வர்ச்சுவல்' என்று குறித்தால் டெலிவரி முகவரி கேட்காது.

காரைக்குடி பேமென்ட்ஸ்:
கார்டு பெட்டி ரேசர்பேயின் சொந்த ஐஃப்ரேம், அதாவது உங்கள் பக்கத்துக்குள் திறக்கும் அவர்கள் பக்கம். உங்கள் சிஎஸ்எஸ் (தோற்றத்தை அமைக்கும் விதிகள்) அதற்குள் போகாது. போகாமல் இருப்பதுதான் உறுப்பினருக்குப் பாதுகாப்பு. லோகோ, சங்கத்தின் பெயர், தீம் நிறம், யூபிஐ முதலா கார்டு முதலா என்ற வரிசை, இவ்வளவே உங்கள் கையில். நீங்களே கார்டு எண் வாங்கும் படிவம் கட்ட நினைக்காதீர்கள். 2022 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கார்டு எண்ணை வணிகர் தன் சர்வரில் வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை.

வெளிநாட்டுப் பங்காளிகளுக்கு முதல் தடை போன் கட்டம். பத்து இலக்கம் என்று விதி போட்டால் எட்டு இலக்கச் சிங்கப்பூர் எண் நுழையாது. பின்கோடும் அப்படித்தான்: நமக்கு ஆறு, மலேசியாவுக்கு ஐந்து. நாடு மாறும்போது வூகாமர்ஸே பின்கோடு, மாநில லேபிள்களைத் திருப்பி எழுதிவிடும். நாட்டுக்கு நாடு லேபிளை அமைக்கும் லொக்கேல் ஃபில்டரில் மாற்றினால்தான் உங்கள் தமிழ் லேபிள் நிற்கும். வெளிநாட்டுக் கார்டை ரேசர்பே கணக்கில் தனியாகக் கேட்டு இயக்க வேண்டும்.

சந்தாவையும் நன்கொடையையும் ஒரே தொகையாகச் சேர்க்காதீர்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியில் தந்தால் அது எஃப்சிஆர்ஏவில் (வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் இந்தியச் சட்டம்) வராது. மலேசியக் குடிமகன் தரும் நன்கொடை வரும். ஆகவே வசிக்கும் நாட்டோடு குடியுரிமையையும் கேளுங்கள். சங்கத்துக்கு அந்தச் சட்டப்படியான பதிவு இல்லையென்றால் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு நன்கொடைக் கட்டமே தெரியக் கூடாது. அவர்கள் கட்டும் சந்தா எதில் சேரும் என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான் தளப்பொறுப்பு:
மிக்க நன்றி. ஷார்ட்கோடு போட்டதும் கட்டங்கள் வந்துவிட்டன. இன்னும் இரண்டு. யூபிஐயில் கட்டிய சிலருக்குப் பணம் போயும் ஆர்டர் 'பெண்டிங்' என்றே நிற்கிறது. பிடிஎஃப் ரசீதில் கொம்புகள் எழுத்தை விட்டு விலகி விழுகின்றன.

காரைக்குடி பேமென்ட்ஸ்:
போனில் ஒப்புதல் கொடுத்ததும் பலர் பிரவுசருக்குத் திரும்பாமல் மூடிவிடுவார்கள். திரும்பி வரும் பக்கத்தை நம்பினால் இப்படித்தான் நிற்கும். ரேசர்பே டாஷ்போர்டில் வெப்ஹுக் (பணம் வந்ததை ரேசர்பே நேரே உங்கள் சர்வருக்குச் சொல்லும் வழி) வைத்து, 'பேமென்ட் கேப்சர்ட்' நிகழ்வு வந்ததும் உறுப்பினர் கணக்கை இயக்குங்கள். வெப்ஹுக் சீக்ரெட் வேறு, ஏபிஐ சீக்ரெட் வேறு; மாற்றிப் போட்டால் கையொப்பம் பொருந்தாது. ஒரே நிகழ்வு இருமுறை வரலாம், எனவே நிகழ்வின் ஐடியைக் குறித்துவைத்து, மறுபடி வந்தால் விட்டுவிடுங்கள். டெஸ்ட் மோடிலிருந்து லைவுக்குப் போகும்போது வெப்ஹுக்கையும் புதிதாக வைக்க வேண்டும்.

தேவகோட்டை வலைஞர்:
ரசீது பிளகின் டாம்பிடிஎஃப் என்ற பிடிஎஃப் நூலகத்தைப் பயன்படுத்துகிறதா பாருங்கள். அதற்குத் தமிழ் எழுத்துகளை வரிசை மாற்றிக் கோர்க்கத் தெரியாது, ஃபாண்ட் மாற்றியும் பயனில்லை. எம்பிடிஎஃப் என்ற இன்னொரு நூலகம் வழியாக, எழுத்துகளைக் கோர்க்கும் ஓடிஎல் அமைப்பை இயக்கி, ஒரு தமிழ் யூனிகோடு ஃபாண்ட் சேர்த்தால் 'கொ', 'தே' எல்லாம் ஒழுங்காக வரும்.