புதுப்பிப்பு: என் புஷ்கிராஃப்ட் கிறுக்கும் அப்புச்சியும்

போன மாதம் புலம்பியிருந்தேனே: கத்தி, சிக்கிமுக்கிக் கல்லோடு தோட்டத்தில் புஷ்கிராஃப்ட் (காட்டில் கிடைப்பதை வைத்தே சமாளிக்கும் கலை) பழகுகிறேன், ஆபீஸில் "வீட்ல கேஸ் தீர்ந்துபோச்சா?" என்று கிண்டல், அம்மாவுக்கோ நான் சாமியாராகிவிடுவேனோ என்று பயம். "ஊர்ப் பெரியவர்களிடம் காட்டு" என்றீர்கள். காட்டினேன்.

நான் திரித்த கத்தாழை நார்க் கயிற்றைப் பார்த்ததும் அப்புச்சி (அம்மாவின் அப்பா) சிரித்துவிட்டார். "இதுல ஆட்டுக்குட்டிகூட நிக்காது கண்ணு." அதைப் பிரித்துப்போட்டு, தொடையில் வைத்து இரண்டு புரியையும் ஒரே பக்கமாக முறுக்கி, அப்புறம் சேர்த்து எதிர்ப்பக்கமாகத் திரித்தார். அந்த எதிர்முறுக்கில்தான் கயிறு பிரியாமல் நிற்கிறது. (பச்சைக் கத்தாழைச் சாறு பட்டால் அரிக்கும். இன்னும் சொறிந்துகொண்டிருக்கிறேன்.)

ஆபீஸ் கிண்டல் அப்படியேதான். அம்மா மட்டும் நேற்று, துணி காயப்போடும் கொடிக்குப் பத்து முழம் திரித்துத் தரச் சொன்னார்.