ஐட்லிங்கில் பேட்டரி லைட் எரிகிறது, ரேஸ் கொடுத்தால் அணைகிறது: உங்கள் அனுபவம் என்ன?

ஜிஎஸ்டி_சாலை:
தீபாவளி முடிந்து சென்னை திரும்பிய ராத்திரி. பரனூர் டோலுக்கு முன்னால் வண்டிகள் நகரவே இல்லை, நல்ல மழை. ஏசி, ஹெட்லைட், வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடுகின்றன. பிரேக்கை மிதித்து நின்றதும் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. டேஷ்போர்டு மீட்டரில் பேட்டரி லைட் மங்கலாக எரிகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தேன்; வைப்பர் மீதியைத் துடைத்துவிட்டு மறுபடி நின்றது. பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் நின்றால் செல்ஃப் எடுக்காது என்று மட்டும் தெரிந்தது.

அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு கடையில் காட்டியிருந்தேன். ரேஸ் கொடுத்து பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தார்கள், 14.2 வோல்ட். ‘டைனமோ நல்லா இருக்கு சார், பேட்டரிதான் வீக்’ என்று புது பேட்டரி மாட்டி அனுப்பினார்கள். (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான் கடைகளில் டைனமோ என்கிறார்கள்.) எனக்கு இன்னும் ஆறாதது அந்த 14.2 தான். ரேஸில் வரும் எண்ணை வைத்து, டிராஃபிக்கில் நிற்கும் வண்டிக்கு எப்படித் தீர்ப்பு சொல்ல முடியும்?

ஊருக்கு வந்ததும் தாம்பரத்தில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்தார். ரேஸே கொடுக்கவில்லை. ஐட்லிங்கிலேயே ஹெட்லைட், வைப்பர் என்று எல்லா லோடையும் போடச் சொன்னார். 12.3, அதுவும் இறங்கிக்கொண்டே போனது. அப்புறம் மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டுக்குத் திருப்பி அதே பேட்டரியில் வைத்தார். கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காட்டியது. ‘டயோடு ஒன்னு போயிருக்கு’ என்றார், கழற்றுவதற்கு முன்பே. டைனமோவின் மாறுமின்னை நேர்மின்னாக்குவது டயோடுதான்; அது போனால் மாறுமின் பேட்டரிவரை வந்துவிடுமாம். கழற்றிப் பார்த்தால் அதேதான். டயோடு பிளேட் மாற்றிய பின் அதே லோடில், அதே ஐட்லிங்கில் 13.6.

கோவை_வண்டி:
எல்லாரும் டயோடு, கார்பன் (உள்ளே சுற்றும் பாகத்தைத் தொட்டுக் கரண்ட் தரும் பிரஷ்) என்று டைனமோவைக் கழற்றிவிடுகிறார்கள். எனக்கும் இதே கதைதான். கடைசியில் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை. சிக்னலில் நின்றால் ஹெட்லைட் துடிக்கும், ஸ்டீயரிங் கனக்கும். டைனமோ பாடியிலிருந்து பேட்டரி மைனஸுக்கு மீட்டர் வைத்தபோது 0.8 வோல்ட். அங்கே 0.2 தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். முதலில் எர்த் பாருங்கள் ஐயா, அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

திருச்சி_டாக்ஸி:
என்னுடையது வேறு. காலையில் ஸ்டார்ட் செய்தால் சார்ஜ் ஏறாது. ஒருமுறை நன்றாக ரேஸ் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும், பிறகு நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. விடியற்காலை விமான நிலைய சவாரி, வாடிக்கையாளர் வீட்டு வாசலில் ஐட்லிங்கில் நிற்கிறேன். அவர் பெட்டியை ஏற்றுவதற்குள் உள்விளக்கு மஞ்சளாகிப் போனது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

காரணம், டேஷ்போர்டு மீட்டரில் எல்லாப் பல்பையும் எல்.இ.டி.யாக மாற்றியிருந்தது. பழைய வகை வண்டியில் பேட்டரி லைட் வழியாகத்தான், டைனமோவுக்குள் சுழலும் மின்காந்தமான ரோட்டருக்கு முதல் கரண்ட் போகும். எல்.இ.டி. அவ்வளவு கரண்டை விடாது. பழைய பல்பைத் திருப்பிப் போட்டதும் சரி. பல்பு பியூஸ் போனாலும் இப்படித்தான் ஆகும். சாவி போட்டதும், இன்ஜின் ஓடுவதற்கு முன், அந்தச் சிவப்பு லைட் எரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

திண்டுக்கல்_அம்பாசிடர்:
‘ஐட்லிங்கில் லைட் எரியத்தான் செய்யும், அது இயல்பு’ என்று சொல்லும் மெக்கானிக் இன்னும் இருக்கிறார்கள். அது நிஜ டைனமோ இருந்த காலத்துப் பேச்சு. அப்பாவின் பழைய அம்பாசிடரில் அப்படித்தான். ரயில்வே கேட்டில் நின்றால் அப்பா ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டரில் காலை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். டைனமோ மெதுவாகச் சுற்றினால் பேட்டரி அளவுக்கு வோல்ட் வராது. பேட்டரி கரண்ட் அதற்குள் திரும்பிப் போகாமல் கட்-அவுட் என்ற தானியங்கி சுவிட்ச் பிரித்துவிடும், லைட் எரியும். 1960-களில் ஆல்டர்னேட்டர் கார்களில் பரவியதே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். இன்றைய வண்டியில் ஐட்லிங்கில் அந்த லைட் மினுக்கினால் கோளாறுதான்.

ஈரோடு_எலக்ட்ரீஷியன்:
ஒருவர் என் கண் முன்னாலேயே ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘டெஸ்ட்’ செய்தார். வண்டி நின்றது, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது. அவர் கையில் அந்த டெர்மினல் இருந்ததை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அந்த நொடியில் லைனில் ஏறும் வோல்ட்டேஜ் எலக்ட்ரானிக்ஸைச் சாகடித்துவிடும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இன்ஜினின் கிராங்க் புல்லி பெரியது, பெல்ட்டில் அது சுழற்றும் ஆல்டர்னேட்டர் புல்லி சின்னது; ஏறக்குறைய இரண்டரை, மூன்று மடங்கு வேகம். ஐட்லிங் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஆல்டர்னேட்டர் 2000 - 2400 சுற்றுதான். ஸ்டிக்கரில் இருக்கும் 90 ஆம்பியர், ஆல்டர்னேட்டர் 6000 சுற்றில் தருவது. ஐட்லிங்கில் அதில் பாதி வந்தாலே பெரிது. அதனால் வண்டியில் ஹாலஜன், ஆம்ப்ளிஃபயர் என்று ஏற்றியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ராத்திரி நின்ற வண்டியில், சாவி போடும் முன் பேட்டரி 12.6 அருகே இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற டெஸ்ட். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது போதாது; ஏசி போட்ட நொடியில் கிறீச் என்று கத்துகிறதா கேளுங்கள். பிறகு லோடு போட்டு, ஆல்டர்னேட்டர் பிளஸ் போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸுக்கு டிராப் (வழியில் வீணாகும் வோல்ட்) பாருங்கள். லோடு இல்லாமல் அளந்தால் கெட்ட வயரும் நல்ல வயராகத்தான் காட்டும். பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். அதன் சீல் கசிந்தால் ஆயில் கார்பனில் இறங்கிப் பிசுக்காகிவிடும். அதைத் துடைத்து மாட்டிப் பயனில்லை, சீலையும் மாற்றுங்கள்.

கோவை நண்பர் எர்த் என்கிறார். எர்த் டிராப் என்றால் கரண்ட் கூடக் கூட அதுவும் கூட வேண்டும். ரேஸ் கொடுத்தால் சரியாகிறது என்றால் எனக்கு அது பொருந்தவில்லை.

கோவை_வண்டி:
ஈரோடு அண்ணன் சொல்வது நல்ல பட்டைக்குச் சரி. என்னுடைய பட்டை கியர்பாக்ஸ் பக்கம் இற்றுப்போய்ச் சில இழையில் தொங்கியது. ஐட்லிங்கில் இன்ஜின் ஆடும்போது இழைகள் விட்டு விட்டுத் தொடும். இருட்டில் பானட்டைத் திறந்து அங்கே பொறி பறப்பதை நானே பார்த்தேன். ரேஸ் கொடுத்தால் இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், இழையும் தொட்டபடி நிற்கும். 0.8 என்று சொன்னதும் ஐட்லிங்கில் அளந்ததுதான். புதுப் பட்டை போட்டு அதே இடத்தில் அளந்தேன், 0.05. டைனமோவைத் தொடவே இல்லை.