கேஸ் கீசரில் தீ பற்றியும் சில நொடிகளில் அணைந்துவிடுகிறது: கோளாறு எங்கே இருக்கும்?

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு லிட்டர் கேஸ் கீசர் ஒன்று, குளியலறைக்கு வெளியே பின்வாசல் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. இதுவரை தொந்தரவு தந்ததில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் இப்படி ஆகிவிட்டது. வெந்நீர்க் குழாயைத் திறந்தவுடன் டிக் டிக் என்று ஸ்பார்க் அடிக்கும் சத்தம் கேட்கிறது. தீயும் நீல நிறமாக, பர்னர் முழுவதும் ஒரே சீராகப் பற்றுகிறது. ஆனால் ஐந்தாறு நொடிகளுக்குள் டக்கென்று வால்வு மூடும் ஓசையோடு அணைந்துவிடுகிறது. குழாயை மூடிவிட்டுத் திறந்தால் திரும்பவும் அதேபோலத்தான் நடக்கிறது.

பேட்டரிக் கட்டைகள் இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டோம். சிலிண்டரும் அண்மையில்தான் மாற்றப்பட்டது. பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர் சர்க்யூட் பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவரோ, சூடு மிகுந்தால் கேஸை நிறுத்துகிற சிறிய சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் நேரடியாகச் சேர்த்து முறுக்கிவிட்டால் போதும் என்கிறார். வீட்டில் வயதான அம்மா இருக்கிறார்கள், வெந்நீர் இல்லாமல் முடியாது. பணத்தைச் செலவழிப்பதற்கு முன்பு, கோளாறு எந்த இடத்தில் என்பதை நாங்களே ஓரளவு கண்டுகொள்ள வழி உண்டா?

பதில் (தென்காசியிலிருந்து)

அண்ணாச்சி, வணக்கம். குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் எங்கள் பகுதி விடுதிகளிலிருந்து வேலைக்கு வரும் கீசர்களில் இதே கோளாறைத்தான் அதிகம் பார்க்கிறேன். சர்க்யூட் பெட்டியை வாங்குவதற்கு இப்போது அவசரப்பட வேண்டாம்.

கீசர் எந்த வரிசையில் இயங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தப் படியில் நின்றுபோகிறது என்பதைக் கொண்டே கோளாறின் இடத்தைச் சொல்லிவிடலாம். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வைத் தள்ள, அது மைக்ரோ சுவிட்சை இயக்குகிறது. உடனே சர்க்யூட் பெட்டி இரண்டு கட்டைகளின் 3 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஸ்பார்க் கம்பியின் நுனியில் பொறியை எழுப்புகிறது, கூடவே மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வைத் திறந்து கேஸை விடுகிறது. உங்கள் கீசரில் தீ நன்றாகப் பற்றுகிறதென்றால், டயாபிரம், மைக்ரோ சுவிட்ச், ஸ்பார்க், கேஸ் வரத்து என்று இதுவரையில் உள்ள எல்லாமே சரியாக இருக்கின்றன என்றுதான் பொருள்.

அடுத்தது தீயைக் கண்டறியும் வேலை. பர்னருக்கு மேலே ஸ்பார்க் கம்பிக்குப் பக்கத்திலேயே, பீங்கான் அடி கொண்ட இன்னொரு கம்பி இருக்கும். அதுதான் சென்சார். எரிகிற தீ மின்சாரத்தைச் சிறிதளவு கடத்தும். அந்த மின்னோட்டம் கம்பியிலிருந்து தீயின் வழியாகப் பர்னருக்குச் சென்று சேர்ந்தால்தான், தீ எரிகிறது என்பதைச் சர்க்யூட் பெட்டி ஏற்றுக்கொண்டு வால்வைத் திறந்தபடி வைத்திருக்கும். சேராவிட்டால், எரியாத கேஸ் வெளியேறுகிறது என்று கருதிச் சில நொடிகளில் வால்வை மூடிவிடும். இந்த மின்னோட்டம் சில மைக்ரோ ஆம்பியர்தான் இருக்கும் என்பதால், கம்பியில் கரி படிந்தாலும், பீங்கானில் ஈரம் இறங்கினாலும், ஒயரைச் சொருகும் கிளிப்பில் களிம்பு ஏறினாலும் அது பெட்டிக்கு எட்டாமல் போய்விடுகிறது.

ஆகவே ஒன்றை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள். தீ பற்றிய பிறகும் டிக் டிக் சத்தம் தொடர்கிறதா, அல்லது பற்றியவுடன் நின்றுவிடுகிறதா? தொடர்ந்தால், சென்சார் தீயைக் காணவில்லை என்று பெரும்பாலான கீசர்களில் துணிந்து சொல்லலாம். சத்தம் உடனே நின்றும் தீ அணைகிறதென்றால், பழுது வால்வை இயக்கும் கம்பிச் சுருளிலோ (காயில்), சூடு சுவிட்சிலோ, தண்ணீர் வரத்திலோ இருக்கும்.

திறந்து பார்க்கும்போது ரெகுலேட்டரை மூடி, பேட்டரிக் கட்டைகளையும் கழற்றிவிட வேண்டும். கம்பியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். நுனி தீக்குள் நிற்கும்படி இருக்க வேண்டுமே தவிர, பர்னரையோ கூட்டின் தகரத்தையோ தொட்டுவிடக் கூடாது. பீங்கானில் முடி போன்ற விரிசல் தெரிந்தால் கம்பியை மாற்றிவிடுங்கள், ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

பதில் (வள்ளியூரிலிருந்து)

மேலே சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீருக்கு மட்டும் ஒரு குறிப்பு. தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சிறு வலையில் உப்பு கட்டிக்கொண்டால் வரத்து குறைந்து, டயாபிரம் சுவிட்சைத் தள்ளியும் தள்ளாமலும் நிற்கும். தீயும் விட்டுவிட்டு எரியும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர் தரும். மாடியில்லாத வீட்டில் தொட்டி குளியலறைக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் கால் கிலோவுக்குச் சற்று அதிகமாகத்தான் கிடைக்கும் என்பதால், சிறிய அடைப்பும் கீசரை நிறுத்திவிடப் போதுமானது. பாளையங்கோட்டையில் உங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் வருமென்றால் இது காரணமாக இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு.

பதில் (அம்பாசமுத்திரத்திலிருந்து)

சூடு சுவிட்சை நேரடியாக இணைத்துவிடலாம் என்று சொன்னவரை, தயவுசெய்து அந்தக் கீசரைத் தொட விடாதீர்கள். தண்ணீர் நின்றுபோயும் தீ நிற்காத சமயத்தில் செப்புக் குழாய் உருகாமல் காப்பது அந்தச் சுவிட்ச்தான். அது பழுதென்றால் புதிது வாங்கிப் போடுவதே முறை.

உங்கள் கீசர் வெளிச்சுவரில் இருப்பது மிகவும் நல்லது. இதைப் படிக்கும் பலருடைய வீட்டில் அது குளியலறைக்குள்ளேயே இருக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு கிலோ எல்பிஜி முழுமையாக எரிய ஏறக்குறைய 13 கன மீட்டர் காற்று தேவை. கதவையும் ஜன்னலையும் அடைத்த ஒரு சின்னக் குளியலறையில் மொத்தக் காற்றே அவ்வளவு இருக்காது. காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. கசிவு தெரியட்டும் என்பதற்காகச் சமையல் எரிவாயுவில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் கிறுகிறுப்பும் வந்து, கதவைத் திறக்கும் தெம்பு கூட இல்லாமல் விழுந்துவிடுகிறார்கள். குளிக்கும் அறைக்குள் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம்.

எந்த இணைப்பைக் கழற்றி மாட்டினாலும் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அது கூடவே கூடாது. கேஸ் நாற்றம் நீடித்தால் சிலிண்டரை மூடிவிட்டு, வீட்டுக்கு வெளியே வந்து 1906 என்ற எரிவாயுக் கசிவு அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தென்காசி அண்ணாச்சி சொன்னபடி காதை வைத்துக் கேட்டதில், தீ முழுதாகப் பற்றிய பிறகும் டிக் டிக் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. வேறொரு மெக்கானிக்கை வரவழைத்துத் திறந்து பார்க்கச் சொன்னோம். சென்சார் கம்பியின் அடியில் ஒயரைச் சொருகும் பித்தளைக் கிளிப் முழுவதும் பச்சைக் களிம்பு ஏறி, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. கம்பியில் கரி அதிகமில்லை, பீங்கானிலும் விரிசல் இல்லை. கிளிப்பை மாற்றி, கம்பியைத் தேய்த்து, பீங்கானைத் துடைத்து மாட்டியதும் தீ நிலைத்து எரிகிறது, டிக் டிக் சத்தமும் பற்றியவுடன் நின்றுவிடுகிறது. சர்க்யூட் பெட்டியை மாற்றவில்லை, சூடு சுவிட்சிலும் கைவைக்கவில்லை. மழைத் தண்ணீர் மேலே படாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டுக் கட்டிவிடலாமா?

பதில் (தென்காசியிலிருந்து)

உறை போடவே கூடாது அண்ணாச்சி. கீசரின் மேல்புறத் துளைகள் புகை வெளியேறுவதற்கும், கீழ்ப்புறத் துளைகள் காற்று உள்ளே செல்வதற்கும் உள்ளவை. அவற்றில் எதை மூடினாலும் தீ மஞ்சளாகிக் கரி பிடிக்கும், நச்சுப் புகையும் உண்டாகும். போதிய இடைவெளி விட்டு, சுவரிலிருந்து சரிவாக ஒரு தகரச் சாய்ப்பு இறக்கினால் வாடைக்காற்றோடு வரும் சாரலுக்கு அதுவே போதும். அடுத்த முறை பேட்டரிக் கட்டை மாற்றும்போது அந்தக் கிளிப்பையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.