அல்லி ஆண்ட ஊரில் விந்தைக் கதைகள் வாசித்த அனுபவம்

விந்தைப் புனைவுகளில் வரும் வலிமையான பெண்களை முதலில் எங்கே சந்தித்தோம் என்று நண்பர்கள் பேசிக்கொள்ளும்போது, விண்கலம் ஓட்டும் நாயகியரும் வாளேந்திய இளவரசியருமே பெரும்பாலும் நினைவுக்கு வருகிறார்கள். எனக்கு அந்தச் சந்திப்பு மதுரைப் புதுமண்டபத்தில், அங்கே இன்னும் கடைகள் இருந்த காலத்தில் வாய்த்தது. தையல் இயந்திரங்களின் ஓசைக்கு நடுவே ஒரு புத்தகக் கடையில் தொங்கிக்கொண்டிருந்த 'பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை'யை வாங்கி வந்து, ஒரே மூச்சில் படித்தேன்.

அல்லி மலரில் கிடைத்த குழந்தை பாண்டியன் மகளாக வளர்கிறாள், மதுரையை ஆள்கிறாள், அவளுடைய அரசில் அமைச்சரும் படைத்தலைவரும் காவலரும் பெண்களே. ஆண் வாடையே ஆகாது என்று இருக்கும் அவளை அடைய, கண்ணன் பாம்பாட்டியாகவும் அருச்சுனன் பாம்பாகவும் உருமாறி அரண்மனைக்குள் நுழைகிறார்கள். அவள் உறங்கும்போது அருச்சுனன் தாலி கட்டிவிடுகிறான். ஒரு நாட்டின் நடைமுறைகளையெல்லாம் தலைகீழாக மாற்றிவைத்து, 'அப்படி இருந்தால் என்ன நடக்கும்' என்று கேட்டுப் பார்க்கும் கதைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம்மிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தெருக்கூத்திலும் நாடக மேடையிலும் அல்லியைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதை விந்தைப் புனைவு என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

செல்லூரில் ஒரு வீட்டு மாடியில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தக் கதையை உரக்கப் படித்தேன். கல்லூரி மாணவியர், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர், கைத்தறி நெசவுக் குடும்பத்துப் பெண்கள் சிலர், அந்த வீட்டின் அப்பத்தா என்று பல வயதினரும் அமர்ந்திருந்தார்கள். பாம்பு உருவம் நீங்கித் தாலி கட்டும் இடம் வந்ததும், அதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, "தூங்குறவ கழுத்துல கட்டுனா அது தாலியாத்தா?" என்று கேட்டார். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை முழுவதும் பேச்சு அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. அல்லி அதன்பிறகும் சினந்து போரிடுகிறாள் என்பதைப் படித்தபோது மாணவியர் மகிழ்ந்தார்கள். இறுதியில் அவள் பணிந்து இல்லறத்துக்குள் சென்றுவிடுவதும், அடுத்து வரும் பவளக்கொடி கதையில் மகனுடைய பவளத் தேர் ஆசைக்காக அருச்சுனன் வேறொரு பெண்ணரசியைத் தேடிப் புறப்படுவதும் அவர்களை வெகுவாக வருத்தின. அந்த வருத்தம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். ஒரு பெண்ணரசை அத்தனை நுணுக்கமாகக் கற்பனை செய்த கதை, அந்த அரசு தொடர்ந்து நடந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்யத் துணியவில்லை.

(செங்கோல் ஏந்திய பெண் இந்த ஊருக்குப் புதியவள் அல்லள். சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் பட்டாபிஷேகத்தில் செங்கோல் பெறும் மீனாட்சியம்மையின் ஆட்சி ஆவணி மூலம் வரை நடப்பதாக எங்கள் வீட்டுச் சிறுமிகளுக்கும் தெரியும். அது வழிபாடு, அதைக் கதைகளோடு சேர்த்து எடைபோட நான் விரும்பவில்லை. ஆனால் அதைப் பார்த்து வளரும் பெண்ணுக்குக் கற்பனையில் ஒரு நாட்டை ஆளுவது கூச்சமளிப்பதில்லை.)

அடுத்து நாங்கள் எடுத்துக்கொண்டது ரொக்கையா சகாவத் உசேன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. வங்காளத்தைச் சேர்ந்த அவர் பள்ளிக்கு அனுப்பப்படாதவர். உடன்பிறந்தவர்களின் உதவியால் வீட்டிலேயே கற்றவர். அவருடைய கதை 1905ஆம் ஆண்டு வெளியானது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் இதழில் என்பதைச் சொன்னபோது பலர் வியந்தார்கள். அந்தக் கதையின் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து நேரடியாக நீரை இறக்குகிறது. மற்றொன்று வெயிலின் வெப்பத்தைச் சேமிக்கிறது. படையெடுத்து வந்த பகைவரிடம் ஆண்களின் படை தோற்ற பிறகு, கல்வி நிலையத் தலைவி தம்முடைய இரண்டாயிரம் மாணவியருடன் களத்துக்குச் சென்று, சேமித்த வெயிலைப் பகைவர்மேல் குவித்து அவர்களை ஓடவைக்கிறார்.

எங்கள் வட்டத்தில் அதிகம் பேசப்பட்டது அந்தப் போர் அல்ல. புகையும் கரியும் இல்லாமல் வெயிலிலேயே சமைக்கும் அடுப்பங்கரைதான். விறகு அடுப்பில் ஊதி ஊதிக் கண்ணெரிச்சலோடு இளமையைக் கழித்த பெண்கள், அந்தப் பத்தியை மீண்டும் படிக்கச் சொன்னார்கள். கணக்கு ஆசிரியை மட்டும் ஒரு கேள்வியில் நிலையாக நின்றார்: பெண்களை வீட்டுக்குள் அடைத்தது தவறென்றால் ஆண்களை அடைப்பதும் தவறுதானே? கதை அந்த அநீதியை வேண்டுமென்றே தலைகீழாக்கிக் காட்டுகிறது என்று நான் விளக்கினேன். அவர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அவர் ஏற்காமல் இருந்தது அந்தக் கூட்டத்துக்கு நன்மையே செய்தது.

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' அதற்குப் பின் வந்தது. 1943இல் வெளிவந்த அந்தச் சிறுகதையில் அகலிகை ஆயுதம் எதையும் எடுப்பதில்லை. அரசு எதையும் ஆள்வதுமில்லை. சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னதை அறிந்ததும் அவள் மனம் இறுகி, மீண்டும் கல்லாகிவிடுகிறாள். முன்பு சாபமாக வந்த கல்நிலை இப்போது அவளுடைய தீர்ப்பாக வருகிறது. விந்தைக் கதையின் பெண்ணுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு இந்தக் கதையில்தான் விளங்கியது. கதையின் உலகத்துக்கென்று ஒரு விதி இருக்க வேண்டும். அந்த விதியின் சுமை அவள்மேல் விழ வேண்டும். அவள் எடுக்கும் முடிவால் அந்த உலகமே வேறாகிவிட வேண்டும். வாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

இதைச் சொல்வது எளிது, எழுதுவது கடினம். எங்கள் வட்டத்து மாணவி ஒருவர் எழுதிவந்த கதையில் அதைக் கண்கூடாகப் பார்த்தேன். அவருடைய ஊர், 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் வந்து சேரும் மேலூர்ப் பக்கம். எதிர்காலத்தில் நடக்கும் அந்தக் கதையில் கண்மாய்களின் வண்டலில் இறந்தவர்களின் குரல்கள் தங்கியிருக்கின்றன. முதல் வடிவத்தில் நாயகி துப்பாக்கியோடு கண்மாய்க் கரையில் நின்று, நீரைக் கவர வந்த நிறுவனத்தின் காவலர்களை விரட்டிவிடுகிறாள். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவளை எடுத்துவிட்டு ஓர் ஆணை நிறுத்தினாலும், கண்மாயை எடுத்துவிட்டுக் கிடங்கு ஒன்றை வைத்தாலும் கதை மாறாது என்று கணக்கு ஆசிரியை சொன்னார். மாணவிக்கு முகம் வாடிவிட்டது.

அந்த வாட்டத்தோடு ஊருக்குப் போனவர், கண்மாய்க்குள் இருக்கும் பழைய குமிழி மடையைப் பற்றித் தம் தாத்தாவிடம் கேட்டறிந்து வந்தார். இரண்டு கல்தூண்களுக்கு நடுவே, நீருக்கடியில் கல்லால் ஆன தொட்டி. அதன் மேல்பக்கத்தில் நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளைகள். மேல் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் நீர் உள்ளிறங்கிச் சுரங்கக் கால்வாய் வழியே வயலுக்குப் போகும். அந்த ஓட்டத்தின் இழுவையில் அடித்துளைகள் வழியே வண்டலும் சேர்ந்து வெளியேறும். கல்லைத் தூக்க ஒருவர் மூச்சடக்கி முங்க வேண்டும்.

இரண்டாம் வடிவத்தில் துப்பாக்கி இல்லை. அந்த மடையில் முங்கி முங்கியே வாழ்ந்து மறைந்த தாயின் குரல் வண்டலில் இருக்கிறது. அதைக் கேட்பதற்காகவே நாயகி தினமும் நீருக்குள் இறங்குகிறாள். சேறோடித் துளைகளை அவளே களிமண்ணால் அடைத்தும் வைத்திருக்கிறாள். ஆண்டுக்கு ஆண்டு கண்மாய் தூர்ந்துவருகிறது, வயல்கள் காய்கின்றன, ஊரார் அவளைக் குற்றம் சொல்கிறார்கள். ஒரு நாள் இரவு அவள் முங்கி, ஒவ்வொரு துளையாக விரல்விட்டுக் களிமண்ணைத் தோண்டி எடுக்கிறாள். தாயின் குரல் அவள் காதைக் கடந்து கால்வாய்க்குள் போகிறது. அழுகையோ வசனமோ இல்லாமல், நகக்கண்ணில் ஏறும் களிமண்ணை மட்டுமே அந்தப் பத்தி சொல்கிறது. படித்து முடித்ததும் கணக்கு ஆசிரியை எழுந்து சென்று அந்தப் பெண்ணின் தோளில் கைவைத்து நின்றார்.

அப்பத்தாவுக்கு மட்டும் அது போதவில்லை. "கொரலு வயலுக்குப் போச்சுல்ல, அந்த நெல்லச் சாப்புடுறவுகளுக்கு அவ ஆத்தா பேசுறது கேக்குமா? கேட்டா அந்த ஊரு என்ன செய்யும்?" என்று விடாமல் கேட்டார். மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இப்போது அவர் எழுதுவது அறுவடைக்குப் பிறகு அந்த ஊரில் நடப்பதை, நாயகியும் அவளே.