லூசியானா சதுப்பு நிலத்தில் ரெட்ஃபிஷ்: அக்டோபர் பயணத்தை எப்படித் திட்டமிடலாம்?

கேள்வி: ஹூஸ்டன்வாசி

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் நானும் என் மைத்துனரும், பதினொன்றும் பதினான்கும் வயதுள்ள எங்கள் பிள்ளைகளும் லூசியானாவின் கடலோரச் சதுப்பு நிலத்துக்கு ரெட்ஃபிஷ் பிடிக்க மூன்று நாள் பயணமாகச் செல்ல எண்ணியிருக்கிறோம். கால்வெஸ்டனில் கரையிலும் பாலத்தடியிலும் நின்று தூண்டில் போட்ட பழக்கம் எங்களுக்கு உண்டு. ஆனால் புல்லும் சேறும் சிற்றோடைகளுமாகப் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பில் படகில் போய் மீனைத் தேடிப் பிடித்த அனுபவம் இல்லை.

வெனிஸ், ஹோப்டேல், கிராண்ட் ஐல், லேக் சார்லஸ் என்று ஆளுக்கொரு ஊரைச் சொல்கிறார்கள். முதல் முறை செல்பவர்களுக்கு இவற்றில் எது ஏற்றது? படகோட்டியுடன் கூடிய வழிகாட்டியை அமர்த்துவதா, அல்லது கயாக் எனும் சிறு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து நாங்களே முயல்வதா? என்ன கருவிகள், என்ன இரை கொண்டு வர வேண்டும்? எத்தனை மீன் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதில் விதி மாறியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: நெய்தல்நிலத்தான், நியூ ஆர்லியன்ஸ்

வணக்கம் நண்பரே. ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இங்குள்ள நீர் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பயணத்தின் மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

நம் ஊர்க் கடற்கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று என்று பார்த்துப் பழகியவர்களுக்கு லூசியானா முதலில் குழப்பமாக இருக்கும். இங்கே பெரும்பாலான நாட்களில் ஓர் ஏற்றமும் ஒரு வற்றும் மட்டுமே உண்டு. இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாடும் ஏறத்தாழ ஓர் அடிதான். வேறுபாடு இவ்வளவு சிறிதாக இருப்பதால், காற்று நினைத்தால் ஓத அட்டவணையையே பொய்யாக்கிவிடும். தென்கிழக்கிலிருந்து இரண்டு நாள் காற்று வீசினால் வளைகுடா நீர் சதுப்புக்குள் ஏறிப் புல்லின் அடியை மூழ்கடிக்கும். அப்போது ரெட்ஃபிஷ் புல்லுக்குள் வெகுதூரம் சிதறிவிடுவதால் தூண்டில் எட்டாது. மாறாக, குளிர்காற்று முகப்பு (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்து வாடைக்காற்று பலமாக வீசினால் சதுப்பு நீர் முழுவதும் வளைகுடாவை நோக்கி வடியும்; குட்டைகளில் சேறு தெரியும்; மீன்கள் ஆழமான ஓடைகளுக்கும் கால்வாய்களுக்கும் இறங்கி நெருங்கி நிற்கும். அக்டோபரில் இந்த இரண்டு நிலைகளும் ஒரே வாரத்துக்குள் மாறி மாறி வரக்கூடும் என்பதால், இன்ன இடத்தில்தான் பிடிப்போம் என்று வீட்டிலிருந்தே குறித்துக்கொண்டு வருவதில் பயனில்லை.

நான் விரும்பும் நேரம், முகப்பு கடந்த முதல் நாளின் கடுங்காற்று அடங்கி, நீர் நிதானமாக வடிந்துகொண்டிருக்கும் இரண்டாம், மூன்றாம் நாட்கள். பெரிய குட்டைகளிலிருந்து ஓடைக்குள் நீர் வடியும் குறுகிய வாய்க்கால்களைத் தேடுங்கள். வெள்ளை இறால்கள் இலையுதிர் காலத்தில் சதுப்பை விட்டுக் கடலை நோக்கி நகரும். சிறு மீன்களும் நண்டுகளும் வடியும் நீரோடு சேர்ந்து வரும். ரெட்ஃபிஷ் அந்த வாய்க்கால் முகத்தில் ஒதுங்கி நின்று வருவதை உண்ணும். ஆகவே படகை வாய்க்காலுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தாமல், ஓரமாகச் சற்றுத் தொலைவில் ஊன்றி, இரை நீரோட்டத்தோடு இயல்பாக வருமாறு மேல்புறம் வீச வேண்டும். அருகில் சிப்பிப் படுகை இருந்தால் இன்னும் நல்லது. மடவைக் குஞ்சுகள் கரையோரம் பதறித் துள்ளுவது, இறால் நீருக்கு மேல் தெறிப்பது, புல்விளிம்பையொட்டி ஒரு நீர்வரி நகர்வது, கரும்புள்ளியுள்ள வால் நீருக்கு மேல் அசைவது ஆகிய நான்கில் எதைக் கண்டாலும் அங்கே நின்றுவிடுங்கள். இருபது நிமிடம் வீசியும் ஒன்றும் அசையவில்லை என்றால் அடுத்த வாய்க்காலுக்கு நகருங்கள். நீர்ப்பரப்பின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் கலங்கிய ஆழமற்ற நீரில் மீனைக் காண்பது மிகக் கடினம்.

இனி ஊர் பற்றி. வெனிஸ், மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், 23ஆம் நெடுஞ்சாலை முடியும் இடம். வசந்த காலத்தில் ஆறு பெருகிச் சேற்றுநீர் நிறைந்திருக்கும்; அக்டோபரில் பொதுவாக ஆறு தாழ்ந்து நீர் தெளிவதால் அங்கே மீன்பிடிப்பு மிகச் சிறப்பாக இருக்கும். ஆயினும் ஆற்றின் இழுப்பு, பெருங்கப்பல்களின் போக்குவரத்து, திடீர் மூடுபனி ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால் புதியவர்கள் தாமாகப் படகோட்டிச் செல்லத்தக்க இடம் அது அன்று. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது செயின்ட் பெர்னார்ட் வட்டத்திலுள்ள ஹோப்டேலும் அதையொட்டிய ஷெல் பீச், டெலக்ரோவா ஊர்களும்தான். நியூ ஆர்லியன்ஸில் தங்கிக்கொண்டு காலையில் ஒரு மணி நேரத்துக்குள் படகுத்துறையை அடையலாம். காற்று எந்தத் திசையில் வீசினாலும் ஒதுங்குவதற்கு அங்கே ஏதேனும் ஓர் ஓடை இருக்கும். லேக் சார்லஸ் உங்களுக்கு இரண்டரை மணி நேரத் தொலைவுதான். ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளுக்கு வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். பணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் படகோட்டிக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை வழங்கும் உரிமம் இருக்க வேண்டும்; முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்பதில் தவறில்லை. "எங்களுக்கு மீன் மட்டும் போதாது, இடத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லித் தாருங்கள்" என்று முன்னதாகவே சொல்லிவிட்டால், நல்ல வழிகாட்டி ஒருவர் ஒரு காலைப்பொழுதில் சொல்லித் தருவது மீதி இரண்டு நாட்களுக்கும் உதவும்.

மறுமொழி: துடுப்பாளர்

மேலே எழுதியவர் நீரைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்; ஆனால் கயாக்கை அவர் தொடவே இல்லை என்பதால் இதை எழுதுகிறேன். கிராண்ட் ஐலுக்குச் செல்லும் 1ஆம் நெடுஞ்சாலையில் லீவில் ஊரைச் சுற்றிச் சாலையோரத்திலிருந்தே கயாக் இறக்கக்கூடிய இடங்கள் உள்ளன. விசைப்படகு நுழைய முடியாத அரையடி நீரில் ஓசையின்றிப் போக முடிவது மிகப் பெரிய வசதி. பிள்ளைகளுக்கும் அது நெடுநாள் நினைவில் நிற்கும் அனுபவமாக இருக்கும்.

ஆனால் சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். காலையில் காற்றை எதிர்த்தே புறப்படுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று உங்களைக் கரைக்குத் தள்ள வேண்டும். வாடைக்காற்று பலமாக வீசும் நாளில் கயாக்கை இறக்கவே வேண்டாம், ஏனென்றால் அது உங்களைத் திறந்த விரிகுடாவை நோக்கித் தள்ளுவதோடு, திரும்பும் வழியிலுள்ள நீரையும் வற்றச் செய்துவிடும். முழங்கால் ஆழச் சேற்றில் கயாக்கை இழுத்துக்கொண்டு நடப்பது பெரியவர்களுக்கே ஆபத்து. உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகள் கழற்றவே கூடாது. சிறு படகு ஓடும்போது பதினாறு வயது வரையுள்ளவர்கள் அதை அணிந்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம்.

இன்னொன்று, வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். 1930களிலிருந்து லூசியானா இழந்த கடலோர நிலம் ஏறத்தாழ 2,000 சதுர மைல். 2021 ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயல் ஃபோர்ஷோன் துறைமுகத்தருகே கரையேறியபோது அந்தப் பகுதி நேரடியாகத் தாக்கப்பட்டது. பழைய படத்தில் புல்திட்டு என்று காட்டும் இடம் இன்று திறந்த நீராக இருக்கலாம். காற்றுக்கு ஒதுங்கலாம் என்று நம்பிப் போன இடத்தில் ஒதுங்க ஒன்றும் இருக்காது. ஐடாவுக்குப் பிந்தைய செயற்கைக்கோள் படத்தையே பயன்படுத்துங்கள். அதே நேரத்தில், நீர் ஏறி இறங்கும் கால்வாய்களிலும் பல தனியார் உரிமைக்குட்பட்டவை என்பதால், தடுப்போ அறிவிப்புப் பலகையோ கண்டால் உள்ளே செல்லாமல் திரும்பிவிடுங்கள். பிற மாநிலத்தவர் பலருக்கு இது தெரிவதில்லை.

மறுமொழி: தூண்டில்முள்

கருவிகள், விதிகள் இரண்டைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

ஏழடி நீளமும் நடுத்தரத்துக்குச் சற்றுக் கூடுதலான விறைப்பும் உள்ள ராடு (தூண்டில் கோல்), 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 முதல் 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதன் முனையில் இரண்டடிக்கு அதே வலிமையுள்ள ஃப்ளூரோகார்பன் நரம்பு இருந்தால் சதுப்பில் உங்களுக்கு எதிர்ப்படும் பெரும்பாலான மீன்களைச் சமாளிக்கலாம். பிள்ளைகளுக்குப் பாப்பிங் கார்க் மிதவையைவிடச் சிறந்தது வேறில்லை. வெட்டி இழுக்கும்போது அது எழுப்பும் ஓசை, மேல்நீரில் இறாலை மீன் கவ்வும் ஓசையைப் போலிருப்பதால் தொலைவிலுள்ள ரெட்ஃபிஷ்ஷையும் அழைத்துவிடும். கீழே தொங்கும் இறால் புல்லில் சிக்காமலும் இருக்கும். பெரியவர்கள் கால் அவுன்ஸ் எடையுள்ள, களையில் மாட்டாத தங்கநிற ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) வைத்துக்கொண்டால் கலங்கிய நீரிலும் விரைவாக நிறைய இடத்தைத் தேடிப் பார்க்கலாம். எதுவும் எடுபடாத நாளில், ஓட்டை உரித்து இரண்டாக உடைத்த நீலநண்டை வட்ட முள்ளில் கோத்து வாய்க்கால் முகத்தில் கிடத்திவிட்டுக் காத்திருங்கள். வட்ட முள்ளுக்கு ராடை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நரம்பை நிதானமாகச் சுற்றினாலே அது வாயோரத்தில் தானாகப் பதியும்.

விதி மாறியது உண்மைதான். 2024 ஜூன் 20 முதல் லூசியானாவில் ஒருவர் ஒரு நாளைக்கு நான்கு ரெட்ஃபிஷ் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் நீளமும் 18 அங்குலத்துக்குக் குறையாமலும் 27 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். அதற்கு முன் ஐந்து மீன், 16 அங்குலம், அவற்றுள் ஒன்று 27 அங்குலத்தைத் தாண்டலாம் என்றிருந்தது. வழிகாட்டியும் அவருடைய உதவியாளரும் தங்கள் பங்குக்கென்று மீன் வைத்துக்கொள்வதும் இப்போது அனுமதிக்கப்படுவதில்லை. ஹூஸ்டனிலிருந்து வருவதால் டெக்சஸின் 20 முதல் 28 அங்குல அளவுகோல் உங்கள் மனத்தில் இருக்கும். அளவுப்பலகையில் லூசியானாவின் எல்லைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கரை சேரும் வரை மீனைத் தலையும் வாலுமாக முழுதாகவே வைத்திருக்க வேண்டும். வெளிமாநிலத்தவருக்கான உரிமத்தை மாநில வனவிலங்கு மற்றும் மீன்வளத் துறையின் இணையதளத்தில் வாங்கலாம். வழிகாட்டியின் படகில் மட்டும் செல்வோருக்கு மூன்று நாள் உரிமம் தனியே உண்டு. புறப்படுவதற்கு முந்தைய வாரம் அதே தளத்தில் விதிகளை மீண்டும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

27 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றை ஏன் விட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்த மீன் தன் முதல் சில ஆண்டுகளைச் சதுப்பில் கழித்து, முதிர்ந்த பிறகு கடலுக்குப் போய் முட்டையிடும் கூட்டத்தோடு சேர்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. 1980களில் நியூ ஆர்லியன்ஸ் சமையற்கலைஞர் பால் புருதோம் புகழ்பெறச் செய்த, மசாலா தடவிக் கருக வறுத்த ரெட்ஃபிஷ்ஷுக்கு நாடெங்கும் கிராக்கி ஏறி, கடலில் இருந்த அந்த முதிர்ந்த கூட்டத்தைப் பெருவலைகள் வாரிச் சென்றன. அதன் பிறகே, மாநில எல்லைக்கு அப்பாலுள்ள கூட்டாட்சிக் கடற்பகுதியில் இதைப் பிடித்து வைப்பது முற்றிலும் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. பெரிய மீன் மாட்டினால் நெடுநேரம் களைக்க விடாமல் விரைவாகக் கொண்டுவந்து, கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக் கிடைமட்டமாகப் பிடித்து ஒரு படம் எடுத்தவுடன் நீரில் விட்டுவிடுங்கள்.

சமைப்பதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ரெட்ஃபிஷ் நம் ஊர்க் கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. இருபது அங்குல மீனின் சதை இறுகியிருப்பதால் புளிக்குழம்பில் உடையாது. இங்குள்ளவர்கள் செதிலை நீக்காமல் தோலோடு துண்டமாக்கி, செதில் பக்கம் நெருப்பைப் பார்க்குமாறு சுடுவார்கள். மிளகும் பூண்டும் அரைத்துத் தடவி அப்படிச் சுட்டுப் பாருங்கள்.

ஹூஸ்டன்வாசி

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. ஹோப்டேலில் முதல் நாள் வழிகாட்டியுடன் செல்வதென்று முடிவு செய்துவிட்டோம். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. வழிகாட்டிக்குப் பதிவு செய்த அதே நாளில் குளிர்காற்று முகப்பு வந்துவிட்டால் என்ன செய்வது?

நெய்தல்நிலத்தான்

முன்பதிவின்போதே நாள் மாற்றும் நிபந்தனையைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மூன்று நாட்களில் எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள இசையும் வழிகாட்டியையே தேர்ந்தெடுங்கள். முகப்பு வருவதற்கு முந்தைய நாளில் மீன் நன்றாக உண்ணுவதுண்டு; ஆனால் இடி மின்னல் எச்சரிக்கை இருந்தால் அன்று நீரில் இருக்கக் கூடாது. முகப்பு கடக்கும் நாளைக் கரையில் கழித்துவிட்டு, வழிகாட்டியின் நாளை மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் குளிர் தாங்கும் மேலுடையும், சேற்றில் கழன்று போகாத காலணியும், கொசு விரட்டியும் எடுத்து வையுங்கள். கையில் முள்ளோ செதிலோ கீறினால் உடனே நல்ல நீரில் சோப்பிட்டுக் கழுவச் செய்யுங்கள். இந்த வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ கிருமி உண்டு என்பதால், காயம் சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.