கலீசிய மொழியில் "செகார்": வருவதா, போதும் என்பதா?

கேள்வி:
ஸ்பெயினின் வடமேற்கில், கலீசிய மொழி பேசும் கலீசியாவில் உள்ள வீகோ நகரில் அறை எடுத்துத் தங்கி மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்காரப் பாட்டி கீரையும் உருளைக்கிழங்கும் வெள்ளை பீன்ஸும் போட்ட கால்டோ என்ற சூப்பை என் தட்டில் ஊற்றிவிட்டு, கரண்டியைப் பிடித்தபடியே "செகா?" என்று கேட்கிறார். செகார் என்றால் வந்து சேர்வது என்றுதான் படித்திருக்கிறேன். இங்கே யார் வருகிறார்கள்? அப்புறம், "வந்துவிட்டேன்" என்பதை ஸ்பானிஷ் பழக்கத்தில் "எ செகாதோ" என்றேன். "செகெய்" என்று திருத்தினார். ஏன்?

பதில் 1:
"போதுமா?" என்று கேட்கிறார். அளவு வந்து எட்டிவிட்டதா என்பதுதான் உள்ளே இருக்கும் எண்ணம். யாழ்ப்பாணத்தில் "காணும்" என்றால் போதும்; பார்ப்பதைச் சொல்லும் வினை அளவுக்குப் போனது போலத்தான் இதுவும். முதல் எழுத்தை "அச்சம்" என்பதில் வரும் ச்ச போல அழுத்திச் சொல்லுங்கள்.

பதில் 2:
வேர், லத்தீன் "பிளிகாரே", மடிப்பது. முன்னொட்டுச் சேர்ந்த "அப்ளிகாரே" கப்பலைக் கரைக்குக் கொண்டுவருவதற்கும் வழங்கியது. வந்து சேரும் பொருள் அந்த வழியில் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இதே பிளிகாரேயிலிருந்து வந்த ருமேனிய "பிளெகா" கிளம்பிப் போவதைக் குறிக்கிறது! லத்தீன் "பிள" கலீசியத்தில் "ச்ச" ஆகும், ஸ்பானிஷில் "ய" போல ஒலிக்கும்: மழை இங்கே சூவியா, அங்கே யூவியா. அழுவது சோரார், யோரார்.

பதில் 3:
கலீசியத்தில் ஸ்பானிஷ் போல் துணைவினை சேர்த்த இறந்தகாலம் கிடையாது. வந்தேன், வந்திருக்கிறேன் இரண்டுக்கும் செகெய்தான். மற்றவை: செகாச்செஸ், செகோவ், செகாமோஸ், செகாஸ்தெஸ், செகாரோன். நிகழ்காலம் சுலபம்: செகோ, செகாஸ், செகா, செகாமோஸ், செகாதெஸ், செகான். "நாங்கள்" வடிவம் இரண்டு காலத்திலும் ஒன்றே.

நேரம் எடுத்துப் பழக வேண்டியது வேறு. நம் "வர" யாருக்கும் மாறாது. கலீசியத்தில் அந்த வடிவமே ஆளுக்கேற்ற விகுதி ஏற்கும்: நீ வர என்றால் செகாரெஸ், நாங்கள் வர என்றால் செகார்மோஸ், அவர்கள் வர என்றால் செகாரென். போர்ச்சுகீசியத்திலும் உண்டு, ஸ்பானிஷில் இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று "செகா, கிராத்தாஸ்" என்றேன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பாட்டி அடிக்கடி சொல்லும் "ஆன்தெஸ் தெ செகாரெஸ்" இப்போதுதான் காதில் பிரிந்து விழுந்தது. நீ வருவதற்கு முன்னால். இந்த அறை அவர் மகளுடையதாக இருந்ததாம்.