டீசல் விற்கும் விலையில் வீட்டுக்கு ஒரு பெரிய வேன் தேவையா?

கொட்டகலைக்காரன்:
வணக்கம். ஒரு விஷயத்தில் வீட்டில் ஒரு மாதமாக வாக்குவாதம். உங்கள் அபிப்பிராயம் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. இருப்பது 660 சீசீ கார் ஒன்று. லீசிங் இப்போதுதான் கட்டி முடிந்தது. அதை விற்று, கையில் இருப்பதையும் போட்டு ஒரு டொல்பின் வேன் (பழைய டொயோட்டா ஹயஸ்) எடுக்கலாம் என்பது என் எண்ணம். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "டீசல் விலை தெரிந்துமா இப்படி யோசிக்கிறாய்?" என்று கேட்கிறான்.

நான் ஏன் யோசிக்கிறேன் என்றால், இந்த வருடம் மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர் பார்க்கப் போனோம். அப்பா, அம்மா, பிள்ளைகளோடு நான் காரில். என் மனைவியும் தம்பி குடும்பமும் பஸ்ஸில். ஹட்டனில் ஒன்று, கண்டியில் ஒன்று என மாறி மாறி, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வந்து சேரும்போது தேர் அந்தத் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்றிலிருந்து மனசு சரியில்லை. குடும்பம் என்றால் ஒரே வண்டியில் போக வேண்டும் என்று நினைப்பது தப்பா?

பண்டாரவளை டீச்சர்:
தம்பி, நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். ஒன்பது பேரும் சேர்ந்து போகும் நாள் வருடத்தில் எத்தனை? பொங்கல், தீபாவளி, தேர், ஒன்றிரண்டு கல்யாணம். விரல் விட்டு எண்ணலாம். மற்ற நாளெல்லாம் அந்த வேன் உங்கள் ஒருவரைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கும்.

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். எங்களிடம் 2.8 லீட்டர் டீசல் வேன் ஒன்று இருந்தது. 2022 இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது முதலில் வாரத்துக்குக் காருக்கும் 20 லீட்டர், வேனுக்கும் அதே 20 லீட்டர். கண்டிக்கு ஒரு தடவை போய் வந்தால் அந்த வாரக் கணக்கு முடிந்துவிடும். அயலில் சின்னக் கார் வைத்திருந்தவர்கள் அதே 20 லீட்டரில் வாரம் முழுக்க ஓடினார்கள். எங்கள் வேன் தறப்பாளுக்குக் கீழே மாதக்கணக்கில் நின்றது. பெட்டரி செத்தது, டயர் வெடித்தது. லீசிங் தவணை மட்டும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கடைசியில் வந்த விலைக்குக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு தேவையான நாளில் ஹயருக்கு வேன் எடுக்கிறோம். வருடத்துக்கு ஏழெட்டுத் தடவை. முன்பு காப்புறுதிக்கும் டயருக்கும் கொடுத்த காசைவிட அது குறைவு.

டிக்கோயா சாரதி:
நான் பதினாறு வருடமாக டொல்பின் ஓட்டுகிறேன். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், மற்ற நேரம் ஹயர். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

டீச்சர், ஹயர் எடுங்கள் என்று நீங்கள் சொல்வது என் பிழைப்புக்கு நல்லதுதான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டீர்கள். தேர் என்றால் எல்லாருக்கும் ஒரே நாள்தான் வேன் வேண்டும். மாசி மகத்துக்கு என்னை இருபது பேர் கேட்பார்கள். ஒரு வீட்டுக்குத்தான் போக முடியும். சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிப் பாதையில் ஓடவே வண்டி போதாது. அப்புறம் ராத்திரி ஒரு மணிக்கு யாருக்காவது நெஞ்சு வலித்தால் ஹயர் எங்கே தேடுவது?

இன்னொன்று, இதைக் கண்ணால் கண்டதால் சொல்கிறேன். வேன் இல்லாத வீட்டார் என்ன செய்கிறார்கள்? சின்னக் காரில் ஏழு பேரை அடைக்கிறார்கள். மடியில் பிள்ளை, பின்னால் மூட்டை. கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது அந்தக் கார்களிலிருந்து பிரேக் கருகும் வாசனை என் வண்டிக்குள் வரும். அந்தச் சின்னச் சில்லும் பிரேக்கும் அவ்வளவு பாரத்துக்குச் செய்தது இல்லை. டீசலில் மிச்சம் பிடித்த காசு அங்கே உயிருக்கு உதவாது.

எண்ணெய்க் கணக்கு: என் டொல்பின் இந்த மலையில் லீட்டருக்கு 8, 9 கிலோமீற்றர் ஓடும். ஏசி போட்டால் இன்னும் குறையும். வீட்டுக்காரியின் அண்ணனுடைய 660 சீசீ கார் 15 ஓடுகிறது.

பேராதனை மாணவன்:
நான் லிந்துலைக்காரன், பொறியியல் படிக்கிறேன். சமதரைக் கணக்கை மலைக்குப் போடக்கூடாது என்பதைத்தான் சொல்ல வந்தேன். இங்கே எடையை உயர்த்துவதற்கே தனியாக எண்ணெய் போகிறது.

ஒரு தொன் பாரத்தை 1000 மீற்றர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய ஒரு கோடி ஜூல் சக்தி வேண்டும். ஒரு லீட்டர் டீசலில் இருப்பது 3 கோடி 60 இலட்சம் ஜூல் அளவில். எஞ்சின் அதில் பத்துக்கு மூன்று பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். ஆக ஒரு தொன்னுக்கு, 1000 மீற்றருக்கு, ஒரு லீட்டருக்குச் சற்றுக் குறைவு.

கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1868. அந்த ஏற்றத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தேன். வேனின் வெறும் எடை ஒன்றே முக்கால் தொன், சின்னக் கார் 800 கிலோ, ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தேன். வேனில் பத்துப் பேர் போனால் ஆளுக்கு 0.3 லீட்டர். காரில் நான்கு பேர் போனால், பெற்றோல் எஞ்சின் அதைவிடச் சற்றுக் குறைவாகவே வேலையாக மாற்றும் என்பதால், ஆளுக்கு 0.4. அதே வேனில் மூன்று பேர் மட்டும் போனால் ஆளுக்கு 0.8 லீட்டர். காற்றுத் தடை, வளைவில் வேகம் குறைத்துக் கூட்டுவது எல்லாம் இதற்கு மேலே.

அதனால் "பெரிய வண்டி எண்ணெய் குடிக்கும்" என்பதும் பாதிதான், "குடும்பத்துக்குப் பெரிய வண்டிதான் சிக்கனம்" என்பதும் பாதிதான். வெறும் சீற்றுகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதுதான் நட்டம்.

இன்னொரு விஷயம். உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். டேர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் நுவரெலியா உயரத்தில் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவை இழக்கும். பழைய டொல்பின்களில் பெரும்பாலானவற்றுக்கு டேர்போ கிடையாது.

டிக்கோயா சாரதி:
தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நானுஓயாவில் இருந்து மேலே ஏறும்போது ஆள் நிறைந்திருந்தால் இரண்டாம் கியரை விட்டு எடுக்க முடியாது. பின்னால் கறுப்புப் புகை. அந்தப் புகை எரியாமல் வெளியே போகும் டீசல், நம் காசு.

இறங்கும்போது என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். இங்கே நிறையப் பேர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள்.

பேராதனை மாணவன்:
அது மிச்சமே இல்லை அண்ணே. கியரில் வைத்து எக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சினைச் சில்லுகளே சுற்றும், எண்ணெய் கிட்டத்தட்ட நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் தானாக ஓட எண்ணெய் வேண்டும். முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து சூடேறிப் பிடிக்காமல் போகும். யாரும் அதைச் செய்யாதீர்கள்.

பதுளை வியாபாரி:
எல்லாரும் எண்ணெய் விலையை மட்டும் பேசுகிறீர்கள். பாதையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பசறைப் பக்கம் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டு போகிறவன். என்னிடம் இருப்பது 3200 சீசீ டீசல் ஜீப். அதற்கு முன் சின்னக் கார் வைத்திருந்தேன். தோட்டப் பாதைக் கல்லில் அடி தட்டி இரண்டு தடவை எண்ணெய்த் தொட்டி உடைந்தது. ஒரு தடவை மழையில், என் அம்மாவோடு, ராத்திரி எட்டு மணிக்கு, தேயிலை மலை நடுவில் நின்றேன். அந்த இரவை விலை போட்டு எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

அடுத்தது, வாகனம் நமக்குச் சேமிப்பு. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். வங்கியில் போட்ட காசு கரைந்தது, என் ஜீப்பின் விலை ஏறியது. கொட்டகலைத் தம்பி வேன் எடுப்பது நல்ல முடிவு. இன்னும் பலமானதாக எடுங்கள் என்பேன்.

பண்டாரவளை டீச்சர்:
உங்கள் அம்மாவோடு நின்ற இரவைப் படித்ததும் கஷ்டமாக இருந்தது. தினமும் கல்லுப் பாதையில் தொழிலுக்குப் போகிறவருக்கு ஜீப் தேவைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கொட்டகலைத் தம்பியின் பாதை ஹட்டன் – நுவரெலியாப் பிரதான வீதி, கார்ப்பெட் போட்ட ஏ7. அங்கே அவருக்கு அடி தட்டப் போவதில்லை.

சேமிப்பு என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். இறக்குமதி நின்றிருந்ததால் ஏறிய விலை அது. 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டார்கள். இனியும் ஏறும் என்று நம்பிக் கடன் வாங்குவது சூதாட்டம் மாதிரி.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது. 2022 ஜூன் கடைசியில் டீசல் லீட்டர் 460 ரூபா, பெற்றோல் 470. அதற்கு முந்தைய வருடம்தான், எவ்வளவோ போராடி, தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாவானது. ஒரு நாள் முழுக்க மலையில் கொழுந்து பறித்தால் இரண்டு லீட்டர். நாட்டுக்கு வரும் எண்ணெய் எல்லாம் டொலர் கொடுத்து வாங்குவது. அந்த டொலரில் ஒரு பங்கு நம் அம்மாமார் பறித்த கொழுந்தில் வந்தது. என் அம்மா முப்பத்தொரு வருடம் கூடை சுமந்தவர். வெறும் சீற்றுகளை மலை ஏற்ற ஒரு லீட்டர் எரிக்கும்போது எனக்கு அந்தக் கூடைதான் ஞாபகம் வரும்.

பதுளை வியாபாரி:
டீச்சர், அதே அம்மாமார் வயசான காலத்தில் சௌகரியமாக உட்கார்ந்து போகட்டும் என்றுதான் நாங்கள் பெரிய வண்டி வாங்குகிறோம். லொறியில் நின்றுகொண்டு வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்கு ஒரு நல்ல சீற்று கொடுப்பது வீண்செலவு இல்லை. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

பேராதனை மாணவன்:
கொட்டகலையில் ரயில் நிலையம் இருக்கிறதே, அதை யாரும் யோசிக்கவில்லையா? கண்டிப் பக்கம் போக ரயிலைப்போலக் குறைந்த செலவு வேறு இல்லை.

கொட்டகலைக்காரன்:
ரயிலில் முயற்சி செய்தோம் தம்பி. சுற்றுலாக்காரர்கள் நிறைந்து வாசலில் தொங்குகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஏறவே முடியவில்லை. நேரமும் நம் கையில் இல்லை.

டீச்சர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நேற்றிரவு மனைவியோடு உட்கார்ந்து போன வருட நாட்காட்டியைப் புரட்டினேன். ஒன்பது பேரும் ஒன்றாகப் போன நாள், போக நினைத்து முடியாமல் போன நாள் எல்லாம் சேர்த்து 14. அம்மாவின் கண்டி கிளினிக் மாதம் ஒருமுறை. அதற்கு மூன்று பேர்தான். மற்ற நாளெல்லாம் நானும் இரண்டு பிள்ளைகளும் ஹட்டனுக்கு.

லீட்டர் 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் போட்டேன். கண்டிக்குப் போகவர 140 கிலோமீற்றர் என்றால் வேனுக்கு 4,700, காருக்கு 2,800. கிளினிக்குக்கு மட்டும் வருடத்துக்கு 22,800 ரூபா கூடுதல். ஹட்டன் ஓட்டத்தை இன்னும் சேர்க்கவில்லை. ஒன்பது பேருக்கு இரண்டு கார் தேவைப்படும் நாளில் வேன் 900 ரூபா மிச்சம் தரும். 14 நாளுக்கு 12,600. அந்த மிச்சத்தைக் கிளினிக் ஓட்டமே தின்றுவிடுகிறது.

இந்தக் கணக்கைக் காட்டியதும் மனைவி சொன்னாள்: "எனக்கு வேன் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அடுத்த தடவை நீங்கள் பஸ்ஸில் வாருங்கள், நான் மாமா மாமியோடு காரில் போகிறேன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு யார் காரில், யார் பஸ்ஸில் என்று பிரித்தது நான்தானே. அது எனக்கு இவ்வளவு நாளும் படவில்லை.

பண்டாரவளை டீச்சர்:
அவரைக் கேட்டு முடிவெடுங்கள் தம்பி. கைக்குழந்தையோடு பஸ் மாறுவது எப்படி என்று எனக்கும் தெரியும். வேனை வேண்டாம் என்கிறேனே தவிர, இனியும் அவர்கள் பஸ்ஸில் வரட்டும் என்று நான் சொல்லவில்லை.

பதுளை வியாபாரி:
கணக்கு சரியாக இருக்கலாம். ராத்திரி அவசரத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மட்டும் யோசியுங்கள். என் மனசு இன்னும் வேன் பக்கம்தான்.

கொட்டகலைக்காரன்:
அவசரத்துக்கு மூன்று பேர் போனால் போதும் அண்ணே, அதற்குக் கார் இருக்கிறது. காரை விற்கவில்லை. வேனுக்கு என்று வைத்த காசில் முதலில் நான்கு டயரும் பிரேக்கும் மாற்றுகிறேன். அந்த 14 நாளுக்கு ஹயர்தான். ஆனால் சாரதி அண்ணன் சொன்ன பயம் எனக்கும் இருக்கிறது, தேர் அன்றைக்கு வேன் கிடைக்குமா?

டிக்கோயா சாரதி:
அடுத்த மாசி மகத்தை என் கொப்பியில் இப்போதே உங்கள் பெயருக்கு எழுதிவிட்டேன். அட்வான்ஸ் வேண்டாம். விடியக்காலை மூன்றரைக்கு உங்கள் சந்தியில் நிற்பேன், ஏழு மணிக்குள் மாத்தளையில் இறக்கிவிடுவேன். முன் சீற்று அப்பாவுக்கு, முழங்காலை நீட்டி உட்காரலாம். குழந்தைக்குப் போர்வை கொண்டு வரச் சொல்லுங்கள், கினிகத்தேனை தாண்டும்வரை குளிரும்.